புதிர் இல்லாத ஊர்

பாபி ஜென்ட்ரியின் இரண்டாவது ஆல்பமான ‘த டெல்டா ஸ்வீட்’ 1968 பிப்ரவரியில் வெளிவந்தது. பில்போர்டு பட்டியலில் 132ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய முதல் ஆல்பம், பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ 15 வாரம் விடாமல் பிடித்துவைத்திருந்த முதல் இடத்தைக் கைப்பற்றியிருந்தது. அதே பாடகி, அதே கேப்பிடல் நிறுவனம், அதே தயாரிப்பாளர் கெல்லி கார்டன், அதே மிசிசிப்பி மண். கேட்கத்தான் ஆள் வரவில்லை. இந்தச் சரிவு மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. இசைச் சந்தையில் இது புதிதல்ல. உறுத்துவது அதற்குப் பின் நடந்தது. அரை நூற்றாண்டு கழித்து, மறக்கப்பட்ட மகத்தான படைப்பு என்று விமர்சகர்கள் ஒரே குரலில் இதைத் தூக்கிப்பிடிக்கிறார்கள். அன்றைக்கு அதைக் கேட்காமல் விட்டதற்கும் இன்றைக்கு அதைக் கொண்டாடுவதற்கும் காரணம் ஒன்றேதானோ என்ற சந்தேகம் எனக்கு விலக மறுக்கிறது. புறக்கணிப்பும் புகழும் ஒரே காதிலிருந்து பிறக்க முடியுமா? முடியும் என்றே தோன்றுகிறது. அந்தக் காது எதைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தேடலைப் பழக்கிவிட்டது ஜென்ட்ரியின் ‘ஓட் டு பில்லி ஜோ’. 1967 ஜூலையில் வந்த அந்தப் பாட்டு, இன்னொரு பாட்டின் மறுபக்கத்துக்கென்று முதலில் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பண்ணைவீட்டில் பகல் சாப்பாடு நடக்கிறது. காராமணியும் ரொட்டியும் கைமாறுகின்றன. தெரிந்த பையன் ஒருவன் டல்லஹாச்சிப் பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்று அம்மா சொல்கிறாள். அப்பா அவனுக்கு அறிவே கிடையாது என்பதுபோல் ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு, உழ வேண்டிய நிலத்துக்குப் பேச்சை மாற்றிவிடுகிறார். சகோதரன் பழைய விளையாட்டு ஒன்றை நினைத்துக்கொண்டே இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான். கதை சொல்லும் பெண் மட்டும் வாயில் எதையும் வைக்கவில்லை. பசிக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கிறாள். காலையிலிருந்து சமைத்தது வீணாகிறதே என்பதற்கு மேல் அந்தக் கேள்வி போவதில்லை. போகிறபோக்கில் இன்னொரு செய்தி வருகிறது: இவளைப் போலவே ஒரு பெண்ணும் அந்தப் பையனும் பாலத்திலிருந்து எதையோ தண்ணீரில் போட்டதைப் பாதிரியார் பார்த்திருக்கிறார். அமெரிக்கா முழுவதும் அந்த ‘எதையோ’வைப் பிடித்துக்கொண்டது. மோதிரமா, பூவா, குழந்தையா? ஜென்ட்ரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்: பாட்டு, மனிதர்கள் அறியாமலே காட்டும் குரூரத்தைப் பற்றியது; அந்தப் பொருள், இருவருக்கும் இடையே ஓர் உறவு இருந்ததைக் காட்ட மட்டுமே. ஒருவரும் காதில் வாங்கவில்லை. 1976இல் பாட்டைப் படமாக்கினார்கள். திரைக்கதை எழுதிய ஹெர்மன் ரவுச்சர், அவன் ஏன் குதித்தான் என்று பாடகியையே கேட்டார். தனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. படம் தானாகவே ஒரு காரணத்தைச் செய்துகொண்டது.

இதைக் கேட்டவர்களின் அசட்டை என்று தள்ளிவிடுவதில் நியாயமில்லை. துப்பைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டவர் ஜென்ட்ரியேதான்; மாட்டியவருக்கு அதன் இழுவிசை தெரியாமலிருக்காது. தந்தியிசை அமைத்த ஜிம்மி ஹாஸ்கெலின் வயலின்களும் செலோக்களும் அந்த இழுப்புக்குத் துணைபோகின்றன. கிதார் உலர்ந்த தொனியில் ஒரே சுற்றில் சுற்றிக்கொண்டிருக்க, தந்திகள் ஓரத்தில் நின்று ஏதோ தெரிந்ததுபோல முனகுகின்றன. கடைசியில் தண்ணீரில் ஒன்று விழுவதைப் போல வழுக்கிக் கீழிறங்குகின்றன. கேட்பவர் கேள்வியோடுதான் எழுந்துபோக முடியும். இருந்தாலும் விளைவு கொடியது. ஒரு மரணத்தைச் சாப்பாட்டுக்கு நடுவில் பேசிக் கடக்கிறவர்களைப் பற்றிய பாட்டைக் கேட்டுவிட்டு, கேட்டவர்களும் அந்த மரணத்தைச் சாப்பாட்டுக்கு நடுவில் பேசிக் கடந்தார்கள். எதிரே உட்கார்ந்து தட்டைத் தொடாமலிருந்த பெண்ணை அந்த வீட்டார் பார்க்கவில்லை. லட்சக்கணக்கான வானொலி நேயர்களும் பார்க்கவில்லை. பாட்டின் வெற்றியே பாட்டின் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. இதை ஒரு கலைஞர் உணர்ந்திருந்தால் அடுத்து என்ன செய்வார் என்ற கேள்விக்கு ‘த டெல்டா ஸ்வீட்’ ஒரு விடை என்பதே என் வாதம். துப்பை எடுத்துவிட்டார். ஊரை மட்டும் விட்டுவைத்தார்.

ஆல்பத்தில் 12 பாட்டுகள், எட்டு அவருடைய பெயரில். ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று நுழைந்துவிடுகிறது. இடையில் நின்று யோசிக்கும் மௌனம் பெரும்பாலும் கிடையாது. ஹாஸ்கெலும் ஷார்ட்டி ராஜர்ஸும் அமைத்த பித்தளைக் கருவிகளும் தந்திகளும் ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு முடிந்துவிடுகின்றன. ‘ஓட் டு பில்லி ஜோ’ கேட்டவர் எதற்காகக் காத்திருந்தாரோ அந்த இடைவெளி இங்கே அடைபட்டுவிட்டது. ‘ஒகலோனா ரிவர் பாட்டம் பேண்ட்’ என்ற முதல் பாட்டில் குரல் தொண்டையின் அடியிலிருந்து, அரைத் தூக்கத்தில் எழுந்ததுபோல வருகிறது. ஊர் வாத்தியக் கோஷ்டியில் சேர வந்தவர்களைப் பற்றிய பெருமிதப் பேச்சு. இதில் என்ன கதை என்று கேட்டால், ஒன்றுமில்லை. மூன்றாவது பாட்டான ‘ரீயூனியன்’ இன்னும் துணிச்சலானது. சொந்தக்காரர்கள் ஒரு வீட்டில் கூடியிருக்கிறார்கள். தாளமும் கைதட்டலும்தான் அடிப்படை. அதன்மேல் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசுகின்றன. ஒருத்தி ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருத்தி வெட்டுகிறாள், பிள்ளைகள் முறையிடுகின்றன, அதட்டல் விழுகிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்ற ஊர்ச்செய்தி ஓடுகிறது. ‘ஓட் டு பில்லி ஜோ’வில் பார்த்த அதே சாப்பாட்டு மேசைதான் இது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே யாரும் பாலத்திலிருந்து குதிக்கவில்லை. அதனால் பேச்சின் மேலோட்டமும் அதற்குள் ஓடும் பாசமும், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமலே பதில் சொல்லும் அந்தப் பழக்கமும் வேறெதன் நிழலிலும் ஒளியாமல் தெரிகின்றன. ‘ஓட் டு பில்லி ஜோ’வில் குரூரம் என்று தெரிந்ததுதான் இங்கே குடும்பம் என்று தெரிகிறது. இரண்டும் ஒன்று என்பதை அலட்டாமல் வைக்கிறார். ஒரு கொலையைக் கண்டுபிடிக்க வந்தவருக்கு இதில் வேலை இல்லை.

எட்டுப் பாட்டு சொந்தம் என்றால் நான்கு பாட்டு இரவல். இது அவசரத்தின் அடையாளம், முதல் வெற்றி ஆறுவதற்குள் இன்னொரு இசைத்தட்டைத் தள்ளிவிடும் நிறுவனத்தின் நெருக்கடியில் நிரப்பப்பட்டவை என்று சொல்ல இடமுண்டு. அவசரம் இருந்திருக்கலாம். அந்தப் பாட்டுகள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் நிரப்பல் என்று தோன்றாது. ஜிம்மி ரீடின் ‘பிக் பாஸ் மேன்’, உடனே ‘ரீயூனியன்’, உடனே மோஸ் அலிசனின் ‘பார்ச்மன் ஃபார்ம்’. முதலாளி, வீடு, சிறைப்பண்ணை: மிசிசிப்பியில் ஓர் ஏழையின் வாழ்க்கை ஓடிய மூன்று வேலிகள் ஒரே மூச்சில் வரிசையாகின்றன. அலிசனின் கைதி, தான் யாருக்கும் தீங்கு நினைத்தவனில்லை என்று சொல்லிக்கொண்டே போய், மனைவியைச் சுட்டதுதான் தன் ஒரே குற்றம் என்று முடிக்கிறவன். அதை ஆண்கள் பாடும்போது கசந்த நகைச்சுவையாக ஒலிக்கும். சொந்தக்காரர்களின் கலகலப்பு அடங்கிய கணத்தில், ஒரு பெண்ணின் தாழ்ந்த குரலில் அதே பாட்டு எழும்போது சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கும் ஜான் டி. லவுடர்மில்க்கின் ‘டொபாக்கோ ரோடு’, பிறந்த குப்பத்தை வெறுத்துக்கொண்டே நேசிக்கிற பாட்டு; இறுதிக்கு ஒன்று முன்னால் வரும் டக் கெர்ஷாவின் ‘லூசியானா மேன்’, மீனும் தோலும் விற்றுப் பிழைக்கும் கேஜன் குடும்பத்தின் பாட்டு. நான்குமே உழைப்பையும் வறுமையையும் ஆணின் வாயிலிருந்து சொன்னவை. அவற்றுக்கிடையே காலத்தைப் பற்றிய ‘பெண்டுலி பெண்டுலம்’, தாலாட்டுச் சாயலில் ‘ஜெஸ்ஸி லிசபெத்’, ஒளியும் கண்ணாடியும் கலந்த கனவாக ‘ரிஃப்ராக்‌ஷன்ஸ்’ என்று தன்னுடையவற்றை வைக்கிறார். வெளியில் சேறு, உள்ளே கனவு. இந்த ஏற்பாட்டில் ஒன்றை எடுத்தால் மற்றது சரியும்.

சந்தைக் காரணங்கள் இல்லையா? உண்டு. ‘ஒகலோனா’வை முன்னோட்டத் தட்டாக விட்டார்கள், அது 54ஆம் இடத்தோடு நின்றது. ‘லூசியானா மேன்’ 100ஆம் இடத்தைத் தொட்டதோடு சரி. இவர் எந்த அலமாரிக்குரியவர் என்பதும் யாருக்கும் தெளிவாகவில்லை. 1967 அக்டோபரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் முதல் விருது விழாவை சன்னி ஜேம்ஸோடு சேர்ந்து தொகுத்து வழங்கியவர் இவர். ஆனால் வேலை செய்தது நாஷ்வில்லில் அல்ல, ஹாலிவுட்டில். பித்தளை முழக்கம் சோல் இசையைச் சேர்ந்தது, தந்திகள் திரையிசையைச் சேர்ந்தவை, சொல்லும் உச்சரிப்பும் தென்னாட்டைச் சேர்ந்தவை. எந்த வானொலிக்கு அனுப்புவது? இவ்வளவும் உண்மை. ஆனால் ‘ஓட் டு பில்லி ஜோ’வும் எந்த அலமாரியிலும் அடங்காததுதான், நான்கு நிமிடத்துக்கும் மேல் ஓடியது, தாளவாத்தியமே இல்லாதது, அன்றைய வானொலி விதிகளுக்கெல்லாம் புறம்பானது. அது வென்றது. ஆகவே வடிவப் புதுமையை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியாது. இதைவிடக் கனமான எதிர்வாதம் ‘ஃபேன்சி’. 1969இல் அவர் எழுதி வெளியிட்ட அந்தப் பாட்டில் புதிர் எதுவும் இல்லை; வறுமை தாங்காமல் மகளை அலங்கரித்து அனுப்பிவைக்கும் தாயின் கதை ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகிறது. அது ஓரளவு வென்றது. இருபது ஆண்டு கழித்து ரீபா மெக்கென்டைர் பாடியபோது பெரிதாகவே வென்றது. புதிர் இல்லாமலும் ஜென்ட்ரி விற்றார் என்றால் என் வாதம் ஆட்டம் காணாதா? கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்பவருக்கு வேண்டியது புதிர்கூட அல்ல, சம்பவம். ஒருத்திக்கு ஏதாவது நேர வேண்டும். நேர்ந்தது ஒளிந்திருந்தால் இன்னும் நல்லது. ‘த டெல்டா ஸ்வீட்’டில் அவர் எழுதிய பாட்டுகளில் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. மனிதர்கள் இருக்கிறார்கள், வாசிக்கிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், பயமுறுத்தும் பிரசங்கத்தைக் கொண்டாட்டமாகப் பாடுகிறார்கள், காலையில் சோம்பலாகக் கண்விழிக்கிறார்கள். ஏழைகளின் ஊர் ஒன்று, துயரச் செய்தி எதையும் தராமல் வெறுமனே இருப்பதை வெளியார் காசு கொடுத்துக் கேட்பது அரிது.

அப்படியென்றால் இது இழந்த ஊரைப் பற்றிய இனிப்பான ஏக்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியின் கூர்மையான வடிவம் நிறத்தைப் பற்றியது. அதை மழுப்ப விரும்பவில்லை. ஜென்ட்ரி பிறந்த சிக்கசா கவுன்ட்டி டெல்டாவில் இல்லை, அதற்குக் கிழக்கே இருக்கிறது. சிறுவயதில் கொஞ்சகாலம் டெல்டாவின் கிரீன்வுட்டில் இருந்தவர், 13 வயதில் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். லைஃப் இதழின் புகைப்படத்துக்காக அவர் நடந்துபோன டல்லஹாச்சிப் பாலம் மணி என்ற ஊரில் இருந்தது. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் 1955இல் ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை தவறினான் என்று பழி சுமத்தப்பட்ட அதே மணி. அடித்துச் சுடப்பட்ட அவன் உடல் கிடைத்தது அதே டல்லஹாச்சி ஆற்றில். பார்ச்மன், பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள் பருத்திக்காட்டில் உழைத்த சிறை. 1961இல் நிறவேற்றுமைக்கு எதிராகப் பேருந்தேறி வந்தவர்களை அங்கேதான் அடைத்தார்கள். ஆல்பம் வந்து இரண்டு மாதத்தில் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றில் எதுவும் இந்த 12 பாட்டில் பெயரோடு இல்லை. ஜிம்மி ரீடின் ப்ளூஸ் இருக்கிறது, அது எந்த முதுகிலிருந்து வந்தது என்ற சொல் இல்லை. இது குறைதான். சம்பவம் இல்லாத ஊரைப் பாடும் உரிமை, சம்பவங்கள் யார்மீது நிகழவில்லையோ அவர்களுக்கே எளிதில் கிடைக்கிறது. ஜென்ட்ரியின் ஆல்பம் இந்த விஷயத்தில் தன் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நெடுந்தூரம் பார்த்துவிடவில்லை. ஆனால் அதை இனிப்பான ஏக்கம் என்று சொல்வதும் தவறு. ஏக்கம் ஊரைச் சுத்தப்படுத்தும்; இவர் சுத்தப்படுத்தவில்லை. முதலாளியும் சிறையும் வீட்டுக்கு இருபுறமும் நிற்கின்றன. வெள்ளையர் வீட்டின் காது எவ்வளவு அடைபட்டது என்பதை அந்த வீட்டுக்குள் இருந்தே காட்டும் ஆவணமாக ‘ரீயூனியன்’ போல இன்னொன்று அந்த ஆண்டுகளின் கன்ட்ரி இசையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது புகழுக்கு வருகிறேன். ஜென்ட்ரி 1980களின் தொடக்கத்தில் பொதுவெளியிலிருந்து விலகினார். பேட்டியில்லை, மேடையில்லை, புதிய பாட்டில்லை. அதன்பின் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, ஏன் போனார், எங்கே இருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகிறது. தேடிப் போய்க் கதவு தட்டுவதும் தொலைபேசியில் அழைப்பதும் ஒரு தனி எழுத்துவகையாகிவிட்டது. பாலத்திலிருந்து என்ன விழுந்தது என்று கேட்டவர்கள், பாடகி எங்கே விழுந்தார் என்று கேட்கிறார்கள். அவர் எழுதி, பாடி, வாசித்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று உருவாக்கியவை அந்தக் கேள்விக்கான தடயங்களாக வாசிக்கப்படுகின்றன. ‘த டெல்டா ஸ்வீட்’டின் கடைசிப் பாட்டான ‘கோர்ட்யார்ட்’, ஒருவன் தனக்கென்று அமைத்துக் கொடுத்த முற்றத்தில் தனியே இருக்கும் பெண்ணைப் பற்றியது; ஆசைப்பட்டதெல்லாம் அங்கே இருக்கிறது, அன்பு மட்டும் வந்து சேரவில்லை. அதைப் பின்னாளில் அவர் மேற்கொண்ட விலகலுக்கு முன்னறிவிப்பு என்று படிக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் அதை எழுதியவருக்கு அன்று வயது இருபத்தைந்து. அடுத்த சில ஆண்டுகளில் பிபிசியில் தன் பெயரில் தொடர் நிகழ்ச்சி, கிளென் கேம்பலோடு ஒரு ஆல்பம், லாஸ் வேகஸில் அவரே வடிவமைத்த மேடைக்காட்சிகள் என்று ஓயாமல் உழைக்கப் போகிறவர். தன் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவற்றைத் தானே தயாரித்ததாகவும், பெண் என்பதால் உறையில் வேறொருவர் பெயர் அச்சாகியதாகவும் அவர் பின்னால் சொன்னார். தயாரிப்பாளர் என்று அவர் பெயர் இடம்பெற்றது 1971இல் வந்த ‘பேட்ச்வொர்க்’கில். மர்மம் என்று தேடுகிறவர்களுக்கு உண்மையான ஒரு கேள்வி இங்கே கிடக்கிறது: 1968இல் அந்தக் கூடத்தில் யார் எதைத் தீர்மானித்தார்கள்? அதைப் பற்றிய எழுத்து, அவர் இருப்பிடத்தைப் பற்றிய எழுத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உழைப்பைப் பற்றிய கேள்விக்குக் காணாமல்போன பெண்ணின் கவர்ச்சி கிடையாதுபோலும்.

2019இல் மெர்க்குரி ரெவ் குழு இந்த ஆல்பத்தை மறுபடி எடுத்துப் பாடவைத்தது. நோரா ஜோன்ஸ், ஹோப் சாண்டோவல், மார்கோ பிரைஸ், ஃபீபி பிரிட்ஜர்ஸ், வஷ்டி பன்யன் என்று பாட்டுக்கு ஒரு பெண் குரல். பாராட்ட வேண்டிய முயற்சி. பலர் மூல ஆல்பத்தையே அதன் வழியாகத்தான் கண்டடைந்தார்கள். ஆனால் அதிலும் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. மூலத்தில் குரலின் கீழே வெறுமையாக நின்ற கிதார், இங்கே எதிரொலியும் தந்திகளும் சூழ்ந்த பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. ஊர் மறைந்து கனவு மட்டும் மிஞ்சுகிறது. மற்றது பட்டியலில். மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பத்தைப் பாடிய ‘லூசியானா மேன்’ இல்லை. ‘கோர்ட்யார்ட்’டுக்குப் பிறகு பன்னிரண்டாவதாக ஒரு பாட்டு சேர்க்கப்பட்டிருக்கிறது, லூசிண்டா வில்லியம்ஸின் குரலில். முதல் ஆல்பத்தைச் சேர்ந்த ‘ஓட் டு பில்லி ஜோ’ அது. லூசிண்டா வில்லியம்ஸ் அதை அருமையாகவே பாடியிருக்கிறார். ஜென்ட்ரி அந்தப் பாட்டு இல்லாமல் செய்து பார்த்த இடம் மூல ஆல்பம். அவரை மனதார நேசித்தவர்களுக்கும் அந்தப் பாலம் இல்லாமல் முடியவில்லை.